ரமீஜா டீச்சரின் பத்து நிமிஷம்

முப்பத்திரண்டு வருஷம் அரசுப் பள்ளிகளில் வேலை பார்த்தேன். அதில் கடைசி ஏழு வருஷம் புதுச்சேரி நகரத்தில் ஒரு தொடக்கப் பள்ளிக்குத் தலைமையாசிரியர். என் பெயர் நாராயணசாமி. வீடு தவளக்குப்பத்துக்குப் பக்கம். காலையில் மாட்டுக்குத் தீனி போட்டுவிட்டு மொபெட்டை எடுத்துக் கடலூர் ரோட்டில் ஏறினால் எட்டரை மணிக்குப் பள்ளியில் இருப்பேன். என்னைப் பற்றி இவ்வளவு போதும். நான் சொல்ல வந்தது என் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுத்த ரமீஜா டீச்சரைப் பற்றி. நான் செய்த தப்பைச் சொல்லாமல் அவர் செய்த காரியத்தைச் சொல்ல வழியில்லை. அதனால் நடுநடுவே நானும் வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2004 ஜூன் மாதம், பள்ளி திறந்த இரண்டாம் நாள், மாற்றல் உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு என் அறை வாசலில் வந்து நின்றார். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். தலையில் முக்காடு, தோளில் துணிப்பை. உட்காரச் சொல்லிவிட்டு, "இதுக்கு முன்னாடி எந்த ஊர்ல இருந்தீங்க?" என்று கேட்டேன்.

"காரை..." என்று ஆரம்பித்தவருக்கு வார்த்தை அங்கேயே நின்றுவிட்டது. கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணை ஒரு தரம் இறுக்கி மூடித் திறந்தார்.

"காரைக்காலா?" என்றேன், உதவி செய்கிற நினைப்பில்.

தலையை இல்லை என்று ஆட்டினார். சற்று நேரம் கழித்து, "காரையாம்புத்தூர், சார்" என்றார். பிறகு, முதல் நாள் ஒரு தலைமையாசிரியரிடம் யாரும் சொல்லத் துணியாத ஒன்றைச் சொன்னார். "எனக்குப் பேச்சு திக்கும் சார். ஆனா எடுத்துக் குடுக்காதீங்க. நேரமானாலும் நானே சொல்லி முடிச்சுடுவேன்."

சரி என்றேன். உள்ளுக்குள் கவலைதான். முப்பத்தைந்து பிள்ளைகள் இருக்கிற வகுப்பை இவர் எப்படிச் சமாளிப்பார்?

அவர் பேச்சில் விழுகிற இடைவெளிகளை நான் இங்கே எழுதிக் காட்டப் போவதில்லை. காட்டினால் படிக்கிறவர்கள் அதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நாம் ஒரு நிமிஷத்தில் சொல்வதைச் சொல்ல அவருக்கு மூன்று நிமிஷம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் மூன்றாம் வகுப்புக்கு வெளியே தாழ்வாரத்தில், தூணுக்குப் பின்னால் நின்று கேட்டேன். எங்கள் பள்ளி பிரெஞ்சுக்காரர் காலத்துக் கட்டடம். சன்னல்கள் ஆள் உயரம், உள்ளே பேசுவது தெளிவாக வெளியே கேட்கும். அவர் "வணக்கம்" சொல்லி முடிப்பதற்குள் பிள்ளைகள் சிரித்தார்கள். ஒருவன் அப்படியே பேசிக் காட்டினான். அவர் பிரம்பைத் தேடவில்லை. சிரிப்பு ஓயும்வரை நின்றார். பிறகு சொன்னார்.

"எனக்குப் பேச்சு திக்கும். வலிக்காது. யாருக்கும் தொத்திக்காது. நான் பேசி முடிக்கற வரைக்கும் நீங்க காத்திருக்கணும். நீங்க பேசறப்போ, எவ்ளோ நேரமானாலும் நானும் காத்திருப்பேன். சரியா?"

நான் என் அறைக்குத் திரும்பிவிட்டேன். அந்த வருஷம் மூன்றாம் வகுப்பில் ஒரு சத்தமும் இல்லை என்பதைக் கவனித்தேன். பிள்ளைகள் பயந்து அடங்கியிருக்கிறார்கள் என்று தப்பாக நினைத்துக்கொண்டேன்.

சுனாமி வந்து போன பிறகு, குழந்தைகளின் மனதைப் பற்றியும் கொஞ்சம் யோசிக்க வேண்டும் என்கிற பேச்சு எங்கும் வந்தது. 2005 ஜூனில் எங்களுக்கும் ஒரு சுற்றறிக்கை வந்தது. பிள்ளைகள் மனதில் இருப்பதைச் சொல்லவும், மற்றவர்களோடு இணங்கிப் பழகவும், தங்கள் உடம்பைத் தாங்களே பார்த்துக்கொள்ளவும் கற்றுக்கொடுக்க வாரம் ஒரு பாடவேளை ஒதுக்க வேண்டுமாம். பயிற்சிக்கு ஓர் ஆசிரியரை அனுப்பச் சொல்லியிருந்தார்கள்.

ஆசிரியர் கூட்டத்தில் அதைப் படித்துக் காட்டினேன். ஐந்தாம் வகுப்பு வசந்தா டீச்சர், "பாடத்துக்கே நேரம் பத்தல சார். இதுல மனசு வேறயா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன்.

ரமீஜா டீச்சர் கையைத் தூக்கினார். "நான் போறேன் சார்."

மூன்று நாள் பயிற்சி முடிந்து திரும்பியதும் நேராக என்னிடம் வந்தார். "வாரத்துக்கு ஒரு பீரியட் வேணாம் சார். தெனம் பத்து நிமிஷம் குடுங்க. காலைல பால் குடிச்சு முடிச்சதும்."

எங்கள் பள்ளியில் காலையில் பிள்ளைகளுக்குப் பாலும் ரொட்டியும் கொடுப்போம். பால் காய்ச்சி ஊற்றுகிற செல்வாம்பாள் டம்ளர்களைக் கழுவி எடுத்து வைக்கிற நேரம் எப்படியும் வீணாகத்தான் போகும். எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பாயை விரித்து, பிள்ளைகளை வட்டமாக உட்கார வைப்பார். அவரும் கீழேதான் உட்காருவார். ஆளுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நேற்றிலிருந்து இன்றைக்குள் மனதில் பட்டது எதுவாக இருந்தாலும் சரி. ஒருவர் பேசும்போது யாரும் சிரிக்கக் கூடாது. வார்த்தை வராமல் நின்றால் யாரும் எடுத்துக் கொடுக்கக் கூடாது. சொல்லப் பிடிக்கவில்லையென்றால் "நாளைக்கு" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கலாம். அங்கே சொன்னதை வெளியே போய்க் கேலி பேசக் கூடாது.

ஆரம்பத்தில் அந்தப் பிள்ளைகளிடம் இரண்டே பதில்தான் இருந்தன. ஒன்று, "ஜாலியா இருக்கு." இன்னொன்று, "ஒரு மாதிரி இருக்கு." ரமீஜா டீச்சர் அந்த இரண்டாவதை விடமாட்டார். "அந்த ஒரு மாதிரிக்குள்ள இன்னா இருக்குன்னு பாக்கலாமா?" என்பார். கரும்பலகையின் ஒரு மூலையில் கோபம், பயம், வெட்கம், பொறாமை, ஏக்கம் என்று எழுதி வைத்திருந்தார். அது அழியாமல் பிள்ளைகளே பார்த்துக்கொண்டார்கள்.

அஸாருதீன் என்று ஒரு பையன். வீட்டில் தங்கை பிறந்திருந்தாள். நாலு நாளாக "ஒரு மாதிரி இருக்கு டீச்சர்" என்று சொல்லிக்கொண்டிருந்தவன், ஐந்தாம் நாள் பலகையையே உற்றுப் பார்த்துவிட்டு, "பொறாமை டீச்சர்!" என்று கத்தினான். தொலைந்த பென்சில் கிடைத்த மாதிரி அவன் முகம் மலர்ந்ததாம். அப்போது வகுப்பில் இன்னும் மூன்று பேர், தம்பி தங்கை பிறந்தபோது தங்களுக்கும் அப்படித்தான் இருந்தது என்று சொன்னார்கள். இதையெல்லாம் ரமீஜா டீச்சர் சந்தோஷமாக வந்து சொல்லுவார். நான் கையெழுத்துப் போட்டுக்கொண்டே கேட்டுக்கொள்வேன்.

அந்த வட்டத்தில் ஒரே ஒரு பெண் மட்டும் தினமும் "நாளைக்கு" என்று சொன்னாள். பெயர் சரிதா. எட்டு வயது. ஒல்லியான பெண். அம்மா அஞ்சலாட்சி பெரிய மார்க்கெட்டில் கீரை விற்கிறவர். ஜூன் போய் ஜூலை போய் ஆகஸ்டும் போனது. சரிதா "நாளைக்கு" என்பாள், டீச்சர் "சரிம்மா, நாளைக்கு" என்பார். அடுத்த பிள்ளைக்குப் போய்விடுவார்.

"அந்தப் பொண்ணு வாயத் தொறக்காது. எதுக்கு தெனம் கேக்கறீங்க?" என்று வசந்தா டீச்சர் ஒரு நாள் கேட்டார்.

"கேக்காம விட்டா, நம்மகிட்ட கேக்க மாட்டாங்கன்னு நெனச்சுக்கும்" என்றார் ரமீஜா டீச்சர்.

செப்டம்பரில், காலாண்டுப் பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கும்போது, பலராமன் மேஸ்திரி என்னைப் பார்க்க வந்தார். வீடு கட்டுகிற மேஸ்திரி, நெல்லித்தோப்புக்காரர். பெற்றோர் சங்கத்தில் அவர் பேச்சுக்கு எடை அதிகம். அவருடைய மகள் ஹேமலதா ரமீஜா டீச்சர் வகுப்பில்தான் படித்தாள்.

"சார், மனசுல வெச்சுக்காம சொல்லிடறேன். அந்த டீச்சரம்மா நல்லவங்கதான். ஆனா திக்கறவங்ககிட்ட படிச்சா புள்ளைக்கும் திக்கும்னு வெளில பேசறாங்க. அதுவும் இல்லாம பாடம் நடத்தற நேரத்துல பாய விரிச்சுக் கத பேசறாங்களாம். எம்பொண்ணு வீட்ல எங்கிட்டயே சொல்லுது, 'நான் இன்னும் முடிக்கலப்பா, நீ காத்திரு'ன்னு. அப்பன்னு ஒரு மரியாத வேணாமா சார்?"

எனக்கு உள்ளூரச் சிரிப்பு வந்தது. இருந்தாலும் பலராமன் கையெழுத்து வாங்கி மேலே மனு அனுப்பக்கூடிய ஆள். எனக்கு ஓய்வு பெற மூன்று வருஷம்தான் இருந்தது. எந்தத் தலைவலியும் வேண்டாம் என்கிற வயது. பார்த்துக்கொள்கிறேன் என்று அனுப்பிவிட்டு ரமீஜா டீச்சரைக் கூப்பிட்டேன்.

"காலாண்டு முடியற வரைக்கும் அந்தப் பத்து நிமிஷத்த நிறுத்தி வெய்ங்க டீச்சர்."

அவர் வாதாடவில்லை. அன்று புதன்கிழமை. "வெள்ளிக்கிழம வரைக்கும் டைம் குடுங்க சார். பிள்ளைங்ககிட்ட சொல்லாம திடீர்னு நிறுத்தக் கூடாது" என்றார்.

வெள்ளிக்கிழமை நடந்ததை அவர் பிறகு என்னிடம் சொன்னபடியே சொல்கிறேன்.

பாயில் உட்கார்ந்ததும், இன்றோடு கொஞ்ச நாளைக்கு இது கிடையாது என்று பிள்ளைகளிடம் சொன்னார். ஏன், எதற்கு என்று கேட்டார்கள். பரீட்சை வருகிறது என்று சொல்லிவிட்டு வழக்கம்போல ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார். சரிதாவின் முறை வந்தது.

"இன்னைக்குச் சொல்றேன் டீச்சர்" என்றாள்.

சொன்னாளே தவிர வார்த்தை வரவில்லை. பாவாடை ஓரத்தைத் திருகிக்கொண்டு பாயையே பார்த்தாள். ஒரு நிமிஷம் போனது, இன்னொன்றும் போனது. பக்கத்தில் இருந்த ஹேமலதா வாயைத் திறந்து, ஞாபகம் வந்தவள்போல மூடிக்கொண்டாள். முப்பத்தைந்து பேரில் ஒருவர்கூட அசையவில்லை.

"நான் பாலு குடிக்கறதில்ல டீச்சர்" என்றாள் சரிதா. "வாங்கி விஜய்கிட்ட குடுத்துடுவேன்."

டீச்சர் ஏன் என்று கேட்கவில்லை. காத்திருந்தார்.

"குடிச்சா ஒண்ணுக்கு வரும். இங்க கக்கூசுக்குத் தாப்பா இல்ல. பசங்க கதவத் தள்ளிட்டு சிரிக்கறாங்க. அதான் தண்ணிகூட குடிக்கறதில்ல. வீட்டுக்குப் போயிதான் போவேன். இப்பல்லாம் போனா எரியுது."

"அதுக்கு எப்படி இருக்கு உனக்கு? பயமாவா, வெக்கமாவா?"

சரிதா பலகை மூலையைப் பார்த்தாள். "முன்னாடி வெக்கம். இப்போ பயம் டீச்சர்."

"இந்த மாதிரி வேற யாருக்காவது இருக்கா?" என்று டீச்சர் கேட்டார். அந்த வகுப்பில் பதினெட்டுப் பெண் பிள்ளைகள். முதலில் ஹேமலதாவின் கை மேலே போனது. பிறகு ஒவ்வொன்றாக, சரிதாவோடு சேர்த்துப் பதினாறு கைகள்.

மணியடிக்கும் முன்பே ரமீஜா டீச்சர் என் அறைக்கு வந்துவிட்டார். உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். நான் குறுக்கே பேசவில்லை. கடைசியில் ஒன்றே ஒன்று சொன்னேன்.

"நாலு வருஷத்துல ஒருத்தர்கூட எங்கிட்ட சொல்லலியே டீச்சர்."

"யாரும் கேக்கல சார்" என்றார்.

அவரோடு பின்பக்கம் போனேன். அந்தக் கழிவறைக்குள் நான் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. தாழ்ப்பாள் இருந்த இடத்தில் துருப்பிடித்த மூன்று ஓட்டைகள். கதவு கீழ்ப்பக்கம் உளுத்து, ஒரு கீலில் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே சாக்கடை அடைத்துத் தண்ணீர் தேங்கியிருந்தது. பக்கத்திலேயே ஆசிரியர்களுக்கென்று ஒன்று, சுத்தமாகப் பூட்டி வைத்திருந்தது. அதன் சாவி என் நாற்காலிக்குப் பின்னால் ஓர் ஆணியில் தொங்கும். தினம் இரண்டு முறை அதை எடுத்து மாட்டுகிறவன் நான். சரி செய்ய வேண்டும் என்று ஒவ்வொரு பருவத்திலும் நினைத்து, ஒவ்வொரு பருவத்திலும் ஒத்திப்போட்டவனும் நான்தான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஆய்வுக்கு வருகிற அதிகாரிகளிடம், "எங்க பசங்க ஆளுக்கு ரெண்டு டம்ளர் பால் குடிக்கறானுங்க சார்" என்று பெருமையடித்திருக்கிறேன். இரண்டாவது டம்ளர் யாருடையது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

ஆணியிலிருந்து சாவியை எடுத்து ரமீஜா டீச்சர் கையில் கொடுத்தேன். "இன்னைலேருந்து இது பொண்ணுங்களுக்கு."

அப்போது அறைக்குள் வந்த வசந்தா டீச்சர், "அப்போ நாங்க எங்க போறது சார்?" என்றார்.

"பொண்ணுங்க போற எடத்துக்கே நாமளும் போவோங்க்கா" என்றார் ரமீஜா டீச்சர். "அப்போதான் சுத்தமா இருக்கா இல்லியான்னு நமக்கும் தெரியும்."

அன்று மதியம் செல்வாம்பாளை அனுப்பி மார்க்கெட்டிலிருந்து அஞ்சலாட்சியை வரவழைத்தோம். கையில் கீரைக்கட்டின் ஈரத்தோடு ஓடி வந்தார். மகளுக்கு அடிபட்டுவிட்டது என்று பயந்துவிட்டார் போல. ரமீஜா டீச்சர் விஷயத்தைச் சொன்னதும் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"எங்கிட்டகூட சொல்லல டீச்சர். பெத்தவ நானு."

"மூணு மாசமா எங்கிட்டயும் சொல்லல. அது உங்க தப்பு இல்ல. ரெண்டு பேரும் சேந்தே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவோம், வாங்க."

மூவரும் ஆட்டோவில் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நீர்த்தாரையில் தொற்று. சிறுநீரகம் வரைக்கும் போகவில்லை, சரியான நேரத்தில் கூட்டி வந்தீர்கள் என்று டாக்டரம்மா சொன்னாராம். மாத்திரை ஒரு வாரத்துக்கு. தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். "எப்போலேருந்து எரியுது?" என்று டாக்டரம்மா கேட்டபோது சரிதா தானே பதில் சொன்னாள். "விநாயகர் சதுர்த்திக்கு முன்னாடிலேருந்து." திரும்பி வந்து அதை என்னிடம் சொல்லும்போது ரமீஜா டீச்சர் முகத்தில் இருந்த பூரிப்பை நான் பார்த்தேன்.

திங்கள்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குப் பெற்றோர் கூட்டம் போட்டேன். தன் புகாருக்குப் பதில் கிடைக்கும் என்று பலராமன் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். முதலில் நான் எழுந்து, கழிவறை அப்படிக் கிடந்ததற்கு நானே பொறுப்பு என்று சொன்னேன். பிறகு ரமீஜா டீச்சர் பேசினார்.

அறுபது பேருக்கு முன்னால் அவர் பேசி நான் பார்த்ததில்லை. வார்த்தை நின்றது, மறுபடி கிளம்பியது, மறுபடி நின்றது. பின்னாலிருந்து ஒருவர் பொறுக்காமல் எடுத்துக் கொடுத்தார். "அவங்களே சொல்லுவாங்க, கொஞ்சம் இருங்க" என்றேன். கூட்டம் அமைதியானது. எந்தப் பிள்ளையின் பெயரையும் அவர் சொல்லவில்லை. மூன்றாம் வகுப்பில் பதினெட்டுப் பெண்களில் பதினாறு பேர் காலை எட்டரையிலிருந்து மாலை நாலு மணி வரை ஒரு மடக்குத் தண்ணீர் குடிப்பதில்லை, ஏன் என்பது இதுதான், என்று மட்டும் சொன்னார். "உங்க பொண்ணுங்கள வீட்ல உக்கார வெச்சுக் கேளுங்க. கேட்டுட்டு, அவங்க முடிக்கற வரைக்கும் காத்திருங்க" என்று முடித்தார்.

பலராமன் வீட்டுக்குப் போகிற வரைக்கும் பொறுக்கவில்லை. மகள் வாசலில் பையோடு நின்றிருந்தாள். "ஹேமா, இங்க வா. நீ பாலு குடிக்கறியா?"

"இல்லப்பா."

"தண்ணி?"

"இல்லப்பா. கதவுக்குத் தாப்பா இல்லல்ல?"

அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டார். யாரைப் பார்த்தும் இல்லாமல் சொன்னார், "எத்தன வீட்டுக்குக் கக்கூஸ் கட்டிக் குடுத்திருக்கேன் நானு."

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு இரண்டு ஆட்களோடும் கொல்லறு, ரசமட்டம் என்று கொத்து வேலைச் சாமான்களோடும் வந்து இறங்கினார். சாக்கடையைத் தோண்டி அடைப்பை எடுத்தார்கள். உளுத்த கதவைக் கழற்றிவிட்டுப் புதுக்கதவு மாட்டினார்கள். ரமீஜா டீச்சரும் வந்திருந்தார், கூடவே ஐந்தாறு பிள்ளைகளும். தாழ்ப்பாளை வழக்கமான உயரத்தில் வைக்கப் போன பலராமனை அவர் நிறுத்தினார். ஒன்றாம் வகுப்பில் எல்லோரையும்விடக் குள்ளமான கமலாவைக் கூட்டி வரச் சொல்லியிருந்தார். அவளைக் கதவோரம் நிற்க வைத்தார்.

பலராமன் காதிலிருந்த பென்சிலை எடுத்துக் கோடு போட்டார். "இங்க எட்டுதா பாரு."

"எட்டல."

"இங்க?"

கமலா கையை நீட்டிப் பார்த்தாள். "ம். இங்க எட்டுது."

அங்கே ஒன்று, பெரியவர்களுக்கு மேலே ஒன்று என்று இரண்டு தாழ்ப்பாள் போட்டார்கள். கமலா உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு, "யாராவது தள்ளுங்க பாக்கலாம்!" என்று கூப்பிட்டாள். பலராமன் தோளால் தள்ளினார். கதவு அசையவில்லை. உள்ளிருந்து அவள் சிரித்த சிரிப்பு தெருவரைக்கும் கேட்டிருக்கும்.

கதவைத் தள்ளிய பையன்களை என்ன செய்வது என்று எனக்கு ஒரே கோபம். வரிசையில் நிற்க வைத்து நாலு போட வேண்டும் என்றேன். ரமீஜா டீச்சர், "பத்து நிமிஷம் குடுங்க சார்" என்றார். இந்தத் தடவை நானும் போய்ப் பாயில் உட்கார்ந்தேன்.

சரிதா பேசினாள். யாரையும் கை காட்டவில்லை. கதவு தள்ளப்படும்போது உள்ளே இருக்கிறவளுக்கு எப்படி இருக்கும் என்று சொன்னாள். பையன்களில் மூன்று பேர், தாங்கள்தான் தள்ளியது என்று தாங்களாகவே ஒப்புக்கொண்டார்கள். விஜய், "சும்மா சிரிக்கத்தான் செஞ்சோம். இனிமே அந்தப் பக்கம் வரமாட்டோம்" என்றான். பிறகு அவனே தயங்கித் தயங்கி இன்னொன்றும் சொன்னான். பையன்கள் போகிற சுவரோரம் தெருவைப் பார்த்த மாதிரி இருக்கிறது, போகிற வருகிற அக்காமார்கள் பார்க்கிறார்கள், "எங்களுக்கும் வெக்கமா இருக்கு டீச்சர்."

பையன்களுக்கு வெட்கம் உண்டு என்று முப்பது வருஷ சர்வீசில் எனக்குத் தோன்றியதே இல்லை. அடுத்த ஞாயிறு பலராமன் அந்தப் பக்கமும் ஒரு மறைப்புச் சுவர் எழுப்பிக் கொடுத்தார்.

அதற்கப்புறம் ஒரு திங்கள்கிழமை. நான் வருகைப்பதிவில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன், செல்வாம்பாள் கரண்டியோடு ஓடி வருகிறார். "சார், பால் பத்தல சார்! பொண்ணுங்கல்லாம் குடிச்சுட்டு மறுபடி டம்ளர நீட்டுதுங்க! கடைசி வரிசைக்கு ஊத்த இல்ல!"

வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அதைப்போல மகிழ்ச்சியான புகார் என் காதில் விழுந்ததில்லை. அன்றே கூடுதல் பாலுக்கு எழுதினேன். அதை ஒத்திப்போடவில்லை.

காலாண்டில் மூன்றாம் வகுப்பு போன வருஷத்தைவிட நன்றாகவே எழுதியிருந்தது. பலராமன் விடைத்தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "கத பேசினாலும் கணக்கு வருது போலிருக்கே டீச்சர்" என்றார். அதுதான் அவர் கேட்ட மன்னிப்பு. ரமீஜா டீச்சர் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்.

தீபாவளி விடுமுறைக்குப் பிறகு ஐந்து வகுப்புக்கும் அந்தப் பத்து நிமிஷம் வந்தது. வசந்தா டீச்சர் முதலில் முனகினார். ஒரு மாதம் கழித்து அவர் வகுப்பில்தான் பத்து நிமிஷம் இருபதாக நீண்டது. நான் வாரம் ஒரு வகுப்பில் உட்காருவேன். தலைமையாசிரியர் என்று சலுகை கிடையாது, என் முறை வந்தால் நானும் சொல்ல வேண்டும். முதல் தடவை ஐந்தாம் வகுப்பில், "ஒரு கதவ நாலு வருஷமா சரி பண்ணாம வெச்சிருந்தேன். அத நெனச்சா வெக்கமா இருக்கு" என்று சொன்னேன். சொல்லி முடிக்க எனக்கே நேரம் எடுத்தது. நாற்பது பிள்ளைகள் என்னை அவசரப்படுத்தாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பார்வை இன்னும் எனக்குள் இருக்கிறது.

சரிதா நாலாம் வகுப்பு போவதற்குள் நல்ல வாயாடி ஆகிவிட்டாள். பாலில் சர்க்கரை குறைவு என்று என் அறைக்கே வந்து சொல்லுவாள்.

2007இல் வேறு பள்ளி ஆசிரியர்களுக்கு இதைப் பற்றிப் பேச ரமீஜா டீச்சரை அழைத்தார்கள். புதுச்சேரிக்குள்ளேயே கதிர்காமம் பக்கம் ஒரு பள்ளிக்கூட ஹால். முதலில் முடியாது என்றார். பிள்ளைகள் முன்னால் பேசுவது வேறு, வாத்தியார்கள் முன்னால் பேசுவது வேறு என்றார். "உங்க பிள்ளைங்க இன்னா சொல்லுவாங்கன்னு கேட்டுப் பாருங்க" என்றேன். மூன்றாம் வகுப்பில் கேட்டிருக்கிறார். "போய்ட்டு வாங்க டீச்சர், அவங்ககிட்ட மொதல்ல ரூல் சொல்லிடுங்க" என்று யோசனை சொன்னார்களாம்.

அன்று அவரை ஸ்கூட்டரில் கொண்டுவந்து இறக்கியவர், அத்தா என்று அவர் கூப்பிடுகிற அப்பா ஷஹாபுதீன். நேரு வீதிப் பக்கம் பட்டன், ஜிப், லைனிங் துணி விற்கிற தையல் சாமான் கடை வைத்திருந்தார். எழுபது வயதிருக்கும். உள்ளே வரச் சொன்னேன். மாட்டேன் என்று சன்னலோரம் நின்றுகொண்டார்.

நாற்பத்திரண்டு ஆசிரியர்கள். அரை மணி நேரப் பேச்சு என்று அழைப்பில் போட்டிருந்தது. ஒரு மணி பத்து நிமிஷம் பேசினார். முதல் ஐந்து நிமிஷம் நாற்காலிகள் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தன. தாழ்ப்பாளின் உயரத்தைப் பற்றிச் சொல்ல வந்தபோது ஹாலில் விசிறிச் சத்தம் மட்டும்தான். நான் சன்னலைத் திரும்பிப் பார்த்தேன். மகளுக்கு வார்த்தை நின்ற ஒவ்வொரு முறையும் அந்தப் பெரியவரின் உதடும் அசைந்தது. சத்தம் வெளியே வரவில்லை.

முடிந்ததும் அவரிடம் போனேன். "பொண்ணு எப்படிப் பேசினாங்க பாத்தீங்களா பாய்?"

"சின்னதுல அது பேசவேண்டியத எல்லாம் நானே பேசிடுவேன் சார்" என்றார். "பாசத்துலதான். ஆனா, இவ்ளோ பேசும்னு எனக்குத் தெரியாது." கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸ்கூட்டரை எடுக்கப் போனார்.

அடுத்த மாதம் எங்கள் பள்ளி முகவரிக்கு மூன்று கடிதங்கள் வந்தன. மூன்றும் வேறு வேறு பள்ளிகளிலிருந்து. ஒருவர், பிள்ளைகளிடம் கேட்டதில் குடிநீர்த் தொட்டியின் குழாய் அவர்களுக்கு எட்டாத உயரத்தில் இருப்பது தெரிந்ததாக எழுதியிருந்தார். இன்னொருவர், தன் வகுப்பில் ஒரு பெண் கண்ணாடி வேண்டும் என்பதைச் சொல்ல வெட்கப்பட்டு ஒரு வருஷமாகப் பலகை தெரியாமல் உட்கார்ந்திருந்ததாக எழுதியிருந்தார். மூன்றாவது கடிதம் நாலே வரி. நான் இதுவரை பிள்ளைகளின் கழிவறையை எட்டிப் பார்த்ததில்லை, இன்று போய்ப் பார்த்தேன், தச்சரை வரச் சொல்லியிருக்கிறேன் என்று.

மூன்றையும் ஒரே மூச்சில் படித்தேன். என் பள்ளியிலிருந்து கிளம்பிய விஷயம் என்று நினைக்க நெஞ்சு நிறைந்திருந்தது. ரமீஜா டீச்சரைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தேன். ஒவ்வொன்றாக நிதானமாகப் படித்தார். கண்ணாடிக் கடிதத்தை மட்டும் இரண்டாம் தரம் படித்தார். பிறகு மூன்றையும் மடித்து என் மேஜையில் வைத்துவிட்டு, பால் கொடுத்து முடித்திருப்பார்கள், பிள்ளைகள் பாயில் உட்கார்ந்திருப்பார்கள் என்று சொல்லி எழுந்து வகுப்புக்குப் போனார்.